சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சுமைவண்டி: வேலூரில் நீங்களே செய்துகொள்ள

கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறியவர்களுக்குத் தெரியும். சுமை பின்னால் இழுக்கும், ஹேண்டில் லேசாகி ஆடும், இறங்கித் தள்ளலாம் என்று காலை ஊன்றினால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். சைக்கிள் கேரியர் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் பாரம் ஏற்றினால் எந்த வண்டியும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதே பாரத்தைத் தனியாக இரண்டு சக்கரங்களின் மேல், முழங்காலுக்குக் கீழே வைத்துப் பின்னால் இழுத்தால் சைக்கிள் ஏறக்குறைய வெறும் சைக்கிளாகவே ஓடும்.

இங்கே சொல்லப்போவது 40 கிலோ வரை சுமக்கும் இரண்டு சக்கர டிரெய்லர். இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள், அல்லது ஓர் அரிசி மூட்டையும் ஒரு வாரக் காய்கறியும், அல்லது சுமார் 30 கிலோ எடையுள்ள ஒரு முழு கேஸ் சிலிண்டர். இதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் இரும்பின் வலு அல்ல. டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. உங்கள் சைக்கிளின் நான்கு பிரேக் கட்டைகள்தான் உங்களையும் நிறுத்த வேண்டும், பின்னால் வருவதையும் நிறுத்த வேண்டும். குழந்தைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். அதற்கு வேறு விதமான வண்டி வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் கனத்த இரும்பாகத் தேடித் தேடிச் சட்டத்தில் போடுவார்கள். சைக்கிளோடு சேரும் இடத்தில் ஏதோ ஒரு போல்டைப் போட்டுக் கயிற்றைச் சுற்றிவிடுவார்கள். சட்டம் உடைந்து நடுவழியில் நின்ற டிரெய்லர் அரிது. மூட்டு கழன்று ஓடியவைதான் அதிகம். செலவிலும் கவனத்திலும் கஞ்சத்தனம் செய்ய வேண்டும் என்றால் சட்டத்தில் செய்யுங்கள்.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

இரும்பு வாங்குவதற்கு முன் சக்கரங்களை வாங்கிவிட வேண்டும். மற்ற எல்லா அளவுகளும் அவற்றிலிருந்துதான் பிறக்கும். பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டில் மூலையில் கிடக்கும் 20 அங்குலச் சைக்கிளின் முன்சக்கரம் இதற்கு மிகப் பொருத்தம். ஒரே அளவில் இரண்டு வேண்டும். பழைய இரும்புக் கடைகளில் அலைந்தால் கிடைக்கும். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் இன்னும் எளிது. பின்சக்கரம் வேண்டாம். அதில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீல் இருக்கும், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலமாக இருக்கும், உங்களுக்கு இரண்டுமே பயன்படாது.

பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம் போட்டால் இன்னும் லேசாக உருளுமே என்று தோன்றும். உருளும்தான். ஆனால் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. அதனால் பாரம் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. டிரெய்லர் சாயாது. வளைவில் பாரம் முழுவதும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். போக்ஸ் கம்பிகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. சக்கரம் பெரிதாக ஆக ஆக இந்தப் பக்கவாட்டு விசைக்கு ஈடுகொடுக்கும் திறன் குறையும். ஒரே பள்ளத்தில் ரிம் வளைந்துவிடும். சிறிய சக்கரம் மேடு பள்ளத்தில் கொஞ்சம் அதிகமாகக் குலுங்கும், அவ்வளவுதான்.

வாங்கிய சக்கரங்களை அப்படியே மாட்டாதீர்கள். கடையில் கொடுத்துக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். அச்சைக் கழற்றிப் பால்ஸ் (உள்ளே உருளும் குண்டுகள்) மாற்றி, கிரீஸ் வைத்து, அவற்றை அழுத்திப் பிடிக்கும் கோன் நட்டைச் சரியாக முடுக்க வேண்டும்: கையில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது, சுற்றிவிட்டால் தயங்காமல் சுற்ற வேண்டும். டயர் ஓரம் வெடித்திருந்தால் புதிது போடுங்கள்.

பிறகு இரண்டு அளவுகளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: அச்சின் தடிமன், இரண்டு பக்கக் கோன் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையிலான தூரம். பெரும்பாலும் இது 10 செ.மீ. இருக்கும், சிறுவர் சைக்கிளில் சற்றுக் குறையலாம். கீழே உள்ள கணக்கு 10 செ.மீ. என்று வைத்துச் சொல்லப்பட்டது.

சட்டம்

25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிமன், முழு நீளம் ஒன்று வாங்குங்கள். முழு நீளம் என்பது 6 மீட்டர். எடை ஏழு கிலோவுக்குச் சற்று மேல். இரும்பை எடை போட்டுத்தான் விற்கிறார்கள், ஆகவே தடிமன் கூடினால் பணமும் கூடும், பிறகு அதை நீங்களே மிதித்து இழுக்கவும் வேண்டும். கடையிலேயே வெட்டித் தருவார்கள். வெட்டு இப்படி: 90 செ.மீ. இரண்டு, 72 செ.மீ. இரண்டு, 85 செ.மீ. இரண்டு, 45 செ.மீ. இரண்டு. மொத்தம் 584 செ.மீ. மிச்சம் வெட்டில் போகும் சேதாரத்துக்கு.

வடிவம் எளிது. 90 செ.மீ. துண்டுகள் இரண்டும் வெளிப்பக்கங்கள். அவற்றுக்கு இடையே 72 செ.மீ. துண்டுகள் முன்னும் பின்னும். இதில் 90 நீளம், 77 அகலம் உள்ள செவ்வகம் கிடைக்கும். 85 செ.மீ. துண்டுகளை அதற்குள் நீளவாட்டில், வெளிக்குழாயிலிருந்து 11 செ.மீ. இடைவெளி விட்டுப் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். இந்த 11 செ.மீ. சந்தில்தான் சக்கரம் நிற்கும். நடுவில் மிஞ்சும் 45 செ.மீ. அகலம்தான் பாரம் வைக்கும் இடம். அதில் 45 செ.மீ. குறுக்குத் துண்டுகள் இரண்டும் சேரும்.

சக்கரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு குழாய் எதற்கு, உள்பக்கம் மட்டும் தாங்கினால் அகலம் குறையுமே என்று பட்டறையிலேயே கேட்பார்கள். சைக்கிள் அச்சு இரண்டு முனைகளிலும் தாங்கப்படுவதற்காகச் செய்தது. ஒரு முனையில் மட்டும் பிடித்தால் பாரம் ஏறியதும் வளையும், பிறகு ஒரு நாள் முறியும். சக்கர நாற்காலிச் சக்கரம் ஒருபக்கத் தாங்கலுக்கென்றே தடித்த அச்சோடு வருகிறது. அது கையில் இருந்தால் வெளிக்குழாய் வேண்டாம். இல்லையென்றால் இந்த விஷயத்தில் யார் சொன்னாலும் இறங்கிப் போகாதீர்கள். வெளிக்குழாய்க்கு இன்னொரு பயனும் உண்டு: லாங்கு பஜார் நெரிசலில் யாருடைய சேலையும் வேட்டியும் போக்ஸ் கம்பிக்குள் போகாது.

வெல்டிங் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் போங்கள். கதவு, ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை போதும். ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் எல்லா மூலைகளிலும் பொட்டு வெல்டு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் 118.4 செ.மீ. அருகில் ஒன்றுபோல் இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன என்று பொருள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் மூலையில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்த பிறகே முழு வெல்டு. ஒரே பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். 1.6 மி.மீ. குழாய்க்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு போதும். தடித்த ராடைப் போட்டால் ஓட்டை விழும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் துரு பிடிக்காதே என்று வாங்கி வந்தால், வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும். சாதாரணக் கருப்பு இரும்பை வாங்கித் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடிப்பது மேல்.

சக்கரத்தை உட்கார வைத்தல்

40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள பட்டையில் 8 செ.மீ. துண்டுகள் நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி இரண்டரை செ.மீ. நீளத்துக்கு, அச்சு நுழையும் அளவில் ஒரு வாய். துளை போட்டு ஹாக்சாவால் இரண்டு கோடு வெட்டி அரத்தால் தேய்த்தால் வந்துவிடும். நான்கையும் ஒன்றாக அடுக்கி வைஸில் பிடித்து ஒரே நேரத்தில் துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் நான்கும் நான்கு உயரத்தில் நிற்கும்.

இந்தப் பட்டைகள் சக்கரச் சந்தின் உள்முகங்களில் ஒட்டி, குழாய்க்குக் கீழே தொங்க வேண்டும். சந்து 11 செ.மீ., இரண்டு பட்டைகள் சேர்ந்து 1 செ.மீ., மிச்சம் 10 செ.மீ. ஹப்புக்கு. வாய் கீழ்நோக்கி இருப்பதால் பாரம் ஏறும்போது சட்டம் அச்சின் மேலேயே உட்காரும். அச்சு குழாயின் அடியிலிருந்து 3 செ.மீ. கீழே நின்றால் ஸ்பேனர் போடவும் இடம் கிடைக்கும், சட்டத்தின் மேல்முகமும் தரையிலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில் அமையும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அந்த உயரம் தேவை.

பட்டைகளின் இடம்: சட்டத்தின் முன்முனையிலிருந்து 53 செ.மீ. நீளம் 90 என்றால் நடு 45 அல்லவா, எதற்கு 8 செ.மீ. பின்னால் தள்ளுகிறோம்? அந்தக் கணக்கு முன்பாரத்தில் வரும்.

பட்டைகளைப் பொட்டு வைத்ததும் சக்கரங்களை மாட்டி, இரண்டும் இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அச்சு உயரத்தில், சக்கரங்களின் முன்பக்கம் ரிம்முக்கு ரிம் அளவெடுங்கள். பின்பக்கமும் அதே உயரத்தில் எடுங்கள். சக்கரங்களை அரைச் சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் இரண்டையும் எடுங்கள். ரிம்மில் மிச்சமிருக்கும் கோட்டம் அளவைக் கெடுக்காமல் இருக்கத்தான் இது. முன்னும் பின்னும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் ஒரு சக்கரம் சாலையில் உருளாமல் தேய்ந்துகொண்டே வரும். உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்றே தெரியாது. டயர் சீக்கிரம் மொட்டையாகும்போதுதான் தெரியும். முழு வெல்டு வைப்பதற்கு முன் இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

ஏர்க்கால்

சட்டத்திலிருந்து சைக்கிளுக்கு நீளும் குழாயை ஏர்க்கால் என்றே சொல்கிறேன். 25 மி.மீ. வட்டக் குழாய், 2 மி.மீ. தடிமன், ஒன்றரை மீட்டர். இதைச் சைக்கிளின் இடப்பக்கம் பின்சக்கர அச்சில் கோக்கப் போகிறோம், ஏனெனில் வலப்பக்கம் செயின் இருக்கிறது. கேரியரிலோ சீட்டுக் கம்பியிலோ கோப்பது சுலபம்தான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் பாரம் அவ்வளவு உயரத்தில் முட்டினால் சைக்கிளின் பின்பக்கம் பக்கவாட்டில் விலகும், ஈரத்தில் வழுக்கும். அச்சு உயரம் பாதுகாப்பானது.

வரைபடம் போட்டுக் குழம்ப வேண்டாம். வாசலில் சிமெண்டுத் தரையில் சைக்கிளை நிறுத்துங்கள். பின்சக்கர அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் சட்டத்தின் முன்முனை வரும்படி டிரெய்லரை வையுங்கள். இரண்டின் நடுக்கோடும் ஒரே நேரில் இருக்கட்டும். இப்போது அச்சின் இடமுனையிலிருந்து சட்டத்தின் இடப்பக்க உள்குழாய் வரை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுங்கள். நேர்க்கோடு இழுத்தால் டயருக்கு மிக அருகில் போகும். சட்டத்திலிருந்து முன்னோக்கி ஒன்றரை அடி நேராக வந்து, பிறகு அச்சை நோக்கி உள்ளே வளையும்படி இழுங்கள். அதுதான் ஏர்க்காலின் வடிவம்.

வளைவு ஏன் என்றால், நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது பின்டயரின் பின்பகுதி ஏர்க்காலை நோக்கி வரும். சைக்கிளைக் கையால் பிடித்து வலப்பக்கம் முழுவதும் திருப்பிப் பாருங்கள். மட்கார்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடம் மிஞ்ச வேண்டும். இடப்பக்கத் திருப்பத்தில் இந்தத் தொல்லை இல்லை.

ஏர்க்காலைச் சட்டத்தோடு வெல்டு வைத்துவிடாதீர்கள். முன் குறுக்குக் குழாயிலும், அதற்கு ஒரு சாண் பின்னால் உள்குழாயின் அடியிலும் இரண்டு யூ-கிளாம்ப் போட்டு, அதிர்வில் தானாகக் கழலாத நைலாக் நட்டால் முடுக்குங்கள். ஏர்க்கால் நகராமல் இருக்க ஒரு கிளாம்புக்கு அருகில் 8 மி.மீ. போல்டு ஒன்று இரண்டையும் ஊடுருவிப் போகட்டும். சைக்கிள் மாறினால், வீட்டு வாசல் குறுகலாக இருந்தால், ஏர்க்காலைக் கழற்ற முடிய வேண்டும்.

மூட்டு

இங்கே அவசரம் கூடாது. இந்த மூட்டு மூன்று விதமாக அசைய வேண்டும். திருப்பத்தில் இடமும் வலமும். வேகத்தடையில் மேலும் கீழும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள்: சைக்கிள் சாய்வது. நீங்கள் ஒரு காலை ஊன்றி நிற்கும்போது சைக்கிள் சாய்கிறது; வளைவில் சாய்கிறது; கீழே விழுந்தால் முழுவதும் படுத்தேவிடுகிறது. அப்போது டிரெய்லர் தன்பாட்டுக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அந்த விசை முழுவதும் உங்கள் பின்சக்கர அச்சுக்கோ வெல்டுக்கோ போய்ச் சேரும்.

பழைய உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் ஸ்டியரிங் பால் ஜாயின்டைப் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். செங்குத்தாக வைத்தால் திருப்பம் தாராளமாகக் கிடைக்கும். மேடு பள்ளமும் சமாளிக்கும். ஆனால் சாய்வு ஓரளவுக்குத்தான். சைக்கிள் கீழே விழுந்தால் டிரெய்லரையும் சேர்த்துக் குடைசாய்த்துவிடும். தடித்த ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்றில் இரண்டு முனைகளையும் செருகிப் போல்டு போடுவதும் உண்டு. எல்லாப் பக்கமும் வளையும், சத்தம் போடாது, செலவு மிகக் குறைவு. நம் ஊர் வெயிலில் ரப்பர் வெடிக்கும் என்பதுதான் குறை. ஹோஸ் போடுகிறவர்கள் அதை வளைத்து வளைத்துப் பார்த்து, ஒரு கீறல் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். நிலையாக ஓட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று போல்டு மூட்டு.

முதல் பாகம் சைக்கிளில் நிரந்தரமாக நிற்பது. 40 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன், 12 செ.மீ. நீளம் உள்ள பட்டை. ஒரு முனையில் பின்அச்சுக்கான துளை, மறுமுனையில் 10 மி.மீ. துளை. இதை இடப்பக்க அச்சில், சைக்கிள் சட்டத்தில் அச்சு உட்காரும் காதுக்கு வெளியே மாட்டி நட்டு போட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். நம் பெரிய சைக்கிள்களில் அந்த அச்சு ஏற்கெனவே நெரிசலான இடம்: ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. இன்னொரு 6 மி.மீ. உள்ளே போனால் நட்டுக்குப் போதிய மறை (திருகு வரி) மிஞ்சாது. நட்டு முழுவதும் ஏறி, அதற்கு வெளியே மறை கொஞ்சமாவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நட்டைப் பாதியில் நிறுத்தி ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சைக்கிள் கடையில் நீள அச்சு கேட்டு மாற்றிவிடுங்கள். பட்டையை மாட்டிய பிறகு ஸ்டாண்டை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் பார்க்கவும். பெரும்பாலும் எங்காவது இடிக்கும். பட்டையின் கோணத்தைச் சற்று மாற்றினால் தீரும்.

இரண்டாம் பாகம்: 5 மி.மீ. பட்டையை யூ வடிவில் வளைத்து, முதல் பட்டையின் பின்முனையைக் கவ்வும்படி வைத்துக் குறுக்காக 10 மி.மீ. போல்டு. இது மேலும் கீழும் அசைவதற்கு. யூவின் முதுகில் படுக்கைவாட்டாக ஒரு நாக்கை வெல்டு வைத்து, அதில் 12 மி.மீ. துளை போடுங்கள்.

மூன்றாம் பாகம்: இன்னொரு யூ, இம்முறை படுத்தபடி, அந்த நாக்கை மேலும் கீழும் கவ்வட்டும். மேலிருந்து கீழாக 12 மி.மீ. ஆணி. இதுதான் திருப்பத்துக்கான அச்சு, கழற்றி மாட்டுவதற்கான கடையாணியும் இதுவே. கீழ்முனையில் துளையிட்டு ஆர்-பின் (ஆணி மேலே கழன்று வராமல் தடுக்கும் R வடிவக் கம்பி ஊசி) போடுங்கள். ஆர்-பின்னை ஒரு சங்கிலித் துண்டால் ஏர்க்காலோடு கட்டி வைத்தால் காணாமல் போகாது.

சாய்வுக்கு: ஏர்க்கால் குழாயின் முன்வாய்க்குள் 12 மி.மீ. போல்டின் தலையை நுழைத்து, மறை முன்னால் நீட்டியபடி, நேராக நிறுத்திச் சுற்றிலும் வெல்டு. இந்த மறை இரண்டாவது யூவின் முதுகில் போட்ட துளை வழியே உள்ளே வந்து, இருபுறமும் வாஷரோடு நைலாக் நட்டு ஏறும். யூவுக்குள் இந்த நட்டுக்கும் நாக்குக்கும் இடையே ஒரு விரல் இடம் விட்டு யூவை ஆழமாக வளையுங்கள். நட்டை இறுகப் பூட்டக் கூடாது. கையால் ஏர்க்காலைச் சுழற்றினால் சுழல வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. வாஷர்களுக்கு நடுவே கிரீஸ்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு காப்பு வேண்டும். சைக்கிளின் பின் சட்டக் குழாயைச் சுற்றி ஏர்க்காலோடு சேர்த்து ஒரு சிறு சங்கிலியோ தடித்த நைலான் பட்டையோ தளர்வாகப் போடுங்கள். ஆணி கழன்றாலும் டிரெய்லர் உங்களை விட்டுவிட்டுப் பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்காது.

தளம்

9 மி.மீ. பிளைவுட், 50 செ.மீ. அகலம். வாட்டர்புரூஃப் ரகம் வாங்கி ஓரங்களுக்கு பெயிண்ட் அடியுங்கள். தண்ணீர் வடிய நாலைந்து துளைகள். பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் ஏதாவது மெத்தென்று வைக்காவிட்டால் சாலை முழுவதும் தட்டிக்கொண்டே வரும். பழைய டியூபை வெட்டி வைக்கலாம். ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோல் துண்டு கிடைத்தால் அது இன்னும் நன்றாக உழைக்கும். சட்டத்தின் நான்கு பக்கமும் கயிறு கட்ட வளையங்கள் வெல்டு வையுங்கள். எட்டு இருந்தாலும் இன்னும் இரண்டு இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றும். பக்கச்சுவர் வேண்டுமானால் காய்கறிக் கடைகளில் பார்க்கும் பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கி வைத்துக் கட்டுங்கள். தனியாகப் பெட்டி செய்ய வேண்டியதில்லை.

முன்பாரம்

மாட்டு வண்டிக்காரர்கள் மூட்டை அடுக்கிய பிறகு ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூட்டையை முன்னே இழுப்பார்கள் அல்லது பின்னே தள்ளுவார்கள். பின்பாரம் ஆனால் வண்டி மாட்டின் கழுத்தைத் தூக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்தை அழுத்தும். இங்கேயும் அதேதான், மாட்டுக்குப் பதில் பின்சக்கர அச்சு.

கணக்கு இப்படி. மூட்டிலிருந்து சட்டத்தின் முன்முனை 70 செ.மீ., அங்கிருந்து அச்சு 53, ஆக 123 செ.மீ. தளத்தில் 40 கிலோவைச் சீராகப் பரப்பினால் அதன் நடு, அச்சுக்கு 8 செ.மீ. முன்னால் இருக்கிறது. 40 பெருக்கல் 8, வகுத்தல் 123: மூட்டில் சுமார் 2.6 கிலோ இறங்கும். சட்டத்தின் எடையும் ஏர்க்காலின் எடையும் சேர்ந்தால் நான்கு கிலோவை ஒட்டி வரும். மூன்றிலிருந்து ஐந்து கிலோ வரை இருந்தால் போதும். அதே 40 கிலோவைப் பத்து செ.மீ. பின்னால் தள்ளி வைத்துப் பாருங்கள்: பாரத்தின் நடு அச்சுக்கு 2 செ.மீ. பின்னால் போய்விடுகிறது, ஏர்க்காலைக் கீழே அழுத்துவதற்குப் பதில் மேலே தூக்கத் தொடங்குகிறது. இறக்கத்தில் டிரெய்லர் வால் ஆட்டுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு தொங்கு தராசை மூட்டு முனையில் கோத்து, ஏர்க்காலைச் சைக்கிள் அச்சு உயரத்துக்குத் தூக்கிப் படித்தால் எடை தெரிந்துவிடும். சில வாரங்களில் கையே சொல்லும். தண்ணீர் கேன்களை முன்னும் பின்னுமாக நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் இறக்குவதானால் பின்னால் இருப்பதைத்தான் முதலில் இறக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அச்சுக்குச் சற்று முன்னால், நான்கு பக்கமும் கட்டி.

முதல் ஓட்டமும் திருத்தங்களும்

விடிகாலையில் கோட்டை மைதானம் போன்ற திறந்த இடத்துக்குக் கொண்டு போங்கள். முதலில் வெறும் வண்டி, பிறகு 20 கிலோ, பிறகு 40. ஒவ்வொரு சுற்றிலும் எட்டுப் போட்டுப் பாருங்கள், மெதுவாகவும் சற்று வேகமாகவும் பிரேக் பிடித்துப் பாருங்கள். சைக்கிளை வேண்டுமென்றே கீழே படுக்க வைத்து, டிரெய்லர் நிமிர்ந்து நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் பின்னாலிருந்து முன்னும் பின்னுமாக உதைப்பதுபோல் இருந்தால் மூட்டில் ஆட்டம் அதிகம்; வாஷர் சேர்த்து இறுக்குங்கள். ஒரு பக்கமாகவே இழுத்தால் சக்கரங்கள் இணையாக இல்லை, அல்லது ஒரு டயரில் காற்று குறைவு. பாரம் ஏற்றிய பிறகு தளத்தில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் தூக்கியோ தாழ்ந்தோ இருந்தால் ஏர்க்கால் கிளாம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே பட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். வெறும் வண்டி வேகத்தடையில் துள்ளிக் குதிப்பது இயல்பு. அதைக் குறைக்க டயர் காற்றை, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குச் சற்றுக் குறைவாக வைக்கலாம். பாரம் ஏற்றும்போது மறுபடி நிரப்ப வேண்டும்.

வெல்டு, போல்டு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று உறுதியான பிறகுதான் பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில் விரிசல் தெரியாது. ஆகவே ஒரு மாதம் ரெட் ஆக்சைடோடு ஓட்டிவிட்டு, மூட்டுப் பக்கத்து வெல்டுகளைப் பார்த்துவிட்டு, பிறகு அழகு பாருங்கள். மூட்டுக்கு மட்டும் வெளிர் நிறம் அடித்தால் விரிசல் வரும்போது துருக் கோடாகக் காட்டிக் கொடுக்கும்.

சாலையில்

டிரெய்லரின் அகலம் அச்சு நட்டுகள் உட்பட முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். ஹேண்டிலைவிட இருபுறமும் அரைச்சாண் வெளியே நிற்கும். ஆட்டோ போகிற சந்தில் தாராளமாகப் போகலாம். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் இடச்சக்கரம் நீங்கள் போன தடத்துக்கு உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நடைமேடை விளிம்பில் ஏறாமல் இருக்கக் கொஞ்சம் அகலமாக எடுங்கள்.

பின்னால் வருகிறவர்கள் சைக்கிளைத்தான் பார்ப்பார்கள், தாழ்வாக வரும் தட்டைப் பார்க்க மாட்டார்கள். பஸ் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அது கண்ணில் படவே படாது. ஒரு மூங்கில் குச்சியில் ஐந்தடி உயரத்துக்கு ஆரஞ்சுத் துணி கட்டி வலப்பின் மூலையில் நிறுத்துங்கள். பின்பக்கம் இரண்டு மூலைகளிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர். இருட்டில் ஓட்டினால் வலமூலையில் சிவப்பு விளக்கும் வேண்டும். சத்துவாச்சாரிப் பக்கம் போகிறவர்கள் நெடுஞ்சாலையில் ஏறாமல் சர்வீஸ் சாலையிலேயே போங்கள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களை எதிர்பார்த்தபடியே. கிரீன் சர்க்கிளில் பாரத்தோடு நுழைவதைவிட, நெரிசல் நேரத்தில் இறங்கித் தள்ளிக் கடப்பது எனக்குப் பிடித்த வழி.

பிரேக்கை முன்கூட்டியே, இரண்டையும் சேர்த்து, மெதுவாக. வளைவுக்குள் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிளில் ஸ்டீல் ரிம் நனைந்தால் கட்டை பிடிக்காது. ஐப்பசி மழையில் பாரத்தைப் பாதியாக்குங்கள். சமதளத்தில் 40 கிலோ பெரிய விஷயமே இல்லை. மேம்பாலத்தில் அது கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். ஏறும்போது இறங்கித் தள்ளலாம், வெட்கம் ஒன்றுமில்லை. பாலத்தின் இறக்கத்தில்தான் ஆபத்து: டிரெய்லர் உங்களைத் தள்ளும். உச்சியிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, நடந்து போகிறவரை மெதுவாக முந்தும் வேகத்துக்கு மேல் விடாதீர்கள்.

பின்னால் தள்ள முயல வேண்டாம். டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கிச் சைக்கிளில் முட்டும். இறங்கி, ஆணியைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே திருப்பி மாட்டுவது விரைவு.

பராமரிப்பு

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை: ஆர்-பின், பின்அச்சு நட்டு, டிரெய்லர் டயர்களில் காற்று. பாலாற்றங்கரை ஓரமாகப் போகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள் கட்டாயம் குத்தும். முள் டயரில் நின்றிருந்தால் அங்கேயே பிடுங்காமல் பஞ்சர் கடை வரை ஓட்டிப் போங்கள், பிடுங்கினால்தான் காற்று முழுவதும் போகும். சித்திரை, வைகாசி வெயிலில் டிரெய்லரை வெளியில் விட்டால் பழைய ஒட்டுகள் விட்டுக்கொள்ளும், ஹோஸ் மூட்டு வைத்தவர்களுக்கு ரப்பரும் போகும். நிழலில் விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்ற வேண்டும். மூட்டின் ஆணியும் போல்டுகளும் தேய்கிற பொருள்கள். துளை முட்டை வடிவமாகிவிட்டால் புதுப் போல்டு போட்டுப் பயனில்லை, பட்டையையே மாற்றுங்கள். இடம் போதாத வீட்டில் ஆணியைக் கழற்றி, ஏர்க்கால் மேலே இருக்கும்படி டிரெய்லரைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து, ஏர்க்காலை ஜன்னல் கம்பியோடு ஒரு பூட்டுப் போட்டு வைத்துவிடலாம்.